ஜப்பான் பைக்கின் ஸ்டார் ஸ்குரூவுக்கு எந்தத் திருப்புளி?

பழைய ஜப்பான் பைக் ஒன்றைத் தானே பிரித்து வேலை பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் வாங்குவது ஸ்பேனர் செட். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வீட்டில் நின்றிருந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-இன் கிளட்ச் கவரைக் கழற்ற உட்கார்ந்த அன்று, மின்விசிறி மாட்டவும் சுவிட்ச் போர்டு கழற்றவும் வைத்திருந்த அதே ஸ்டார் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். முதல் ஸ்குரூ வந்துவிட்டது. இரண்டாவதில் முனை கிர்ரென்று வழுக்கி வெளியே வந்தது. இன்னும் பலமாகத் திருப்பினேன், மறுபடியும் வழுக்கியது. நான்காவது தடவை குனிந்து பார்த்தால், தலையில் இருந்த கூட்டல் குறி வட்டமான வெறும் குழியாகியிருந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று ஸ்குரூக்கள் அப்படிப் போய்விட்டன. கடைசியில் உளி வைத்து அடித்துத்தான் கழற்ற முடிந்தது. கவரின் ஓரத்தில் அந்த உளியின் வெட்டு இன்றைக்கும் இருக்கிறது.

அன்று நான் நினைத்தது, ஸ்குரூ துருப்பிடித்திருக்கிறது, என் கையில் பலம் போதவில்லை என்று. இரண்டுமே உண்மையான காரணம் இல்லை. என் கையில் இருந்த முனையின் வடிவம் வேறு, ஸ்குரூவில் வெட்டியிருந்த குழியின் வடிவம் வேறு. போதாததற்கு அளவும் ஒன்று சிறியது. இந்த இரண்டையும் சரிசெய்துகொண்டால் பாதிக்கு மேற்பட்ட ஸ்குரூக்கள் சண்டையே போடாமல் வந்துவிடும்.

பார்க்க ஒன்று, பொருத்தத்தில் வேறு

கூட்டல் குறி போட்ட ஸ்குரூ எல்லாம் நமக்கு ‘ஸ்டார்’தான். உண்மையில் அதில் மூன்று சாதிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் 1930களில் காப்புரிமை வாங்கிப் பரப்பிய பிலிப்ஸ், பிறகு ஐரோப்பாவில் அதிகம் பரவிய பாசிடிரைவ், ஜப்பானியத் தொழில்தரமான ஜே.ஐ.எஸ். வகுத்த கூட்டல் குழி. பாசிடிரைவைக் கண்டுபிடிப்பது சுலபம். கூட்டல் குறியின் கைகளுக்கு நடுவே, மூலைவாட்டில் நான்கு மெல்லிய கோடுகள் கீறியிருக்கும். ஜப்பான் பைக்கில் அது அநேகமாக வராது. யாராவது பின்னால் மாட்டியிருந்தால்தான் உண்டு.

பிலிப்ஸுக்கும் ஜப்பானியக் குழிக்கும் உள்ள வித்தியாசம்தான் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. பிலிப்ஸ் டிரைவரின் நான்கு இறக்கைகளும் ஒன்றோடொன்று சேரும் உள்மூலைகள் கொஞ்சம் வளைந்து, சதைப்பிடிப்பாக இருக்கும். நுனியும் கூராக நீண்டிருக்கும். ஜப்பானிய டிரைவரில் அந்த உள்மூலை இறுக்கமாக வெட்டப்பட்டிருக்கும். நுனி மொட்டையாக இருக்கும். ஜப்பானியக் குழிக்குள் பிலிப்ஸை விட்டால், இறக்கைகள் சுவரைப் பிடிப்பதற்கு முன்பே நுனி அடியில் முட்டிக்கொள்ளும், அல்லது அந்தச் சதைப்பிடிப்பான மூலை விளிம்பில் மாட்டிக்கொள்ளும். முனை முழுதாக உள்ளே இறங்கவே இறங்காது. மேல் விளிம்பில் மட்டும் தொற்றிக்கொண்டு நிற்கும். நாம் திருப்பும்போது அந்த விளிம்பு தாங்காமல் உரிந்துவிடும்.

பிலிப்ஸ் வேண்டுமென்றே வழுக்கும்படி செய்யப்பட்டது என்று நிறையப் பேர் சொல்வார்கள். முதல் காப்புரிமைகளில் அப்படி ஒரு நோக்கம் சொல்லப்படவில்லை. 1949-இல் வந்த ஒரு திருத்த வடிவத்தின் காப்புரிமையில்தான் அந்தப் பேச்சு வருகிறது. எப்படியானாலும், சரிவான சுவர் கொண்ட முனையைத் திருப்பினால் அது மேலே ஏறி வெளியே வரப் பார்ப்பது இயல்பு. ஜப்பானியக் குழியிலும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. முனை முழுதாகப் பொருந்துவதால் அடக்கிவைக்க முடிகிறது, அவ்வளவுதான்.

எதிர்த்திசையில் இந்தப் பிரச்சினை இல்லை. ஜப்பானிய டிரைவரைப் பிலிப்ஸ் ஸ்குரூவில் போட்டால் பெரும்பாலும் நன்றாகவே பிடிக்கிறது. அதனால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஜப்பானியதையே வாங்குங்கள்.

இந்த ஸ்குரூ ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குள் வந்ததைப் பற்றி ஒரு கதை உண்டு. சோய்ச்சிரோ ஹோண்டா 1954-இல் ஐரோப்பா போயிருந்தபோது ஒரு தொழிற்சாலையில் கூட்டல் குறி ஸ்குரூவைப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார் என்று சொல்வார்கள். ஒற்றை வெட்டு ஸ்குரூவைக் கையால்தான் முடுக்க முடியும், மெஷின் முனை பக்கவாட்டில் நழுவிவிடும். கூட்டல் குறி என்றால் முனை தானாக நடுவில் உட்காரும், மெஷினால் கடகடவென்று முடுக்கிக்கொண்டே போகலாம். அதனால்தான் 60களிலிருந்து 80கள் வரை வந்த ஹோண்டா, யமஹா, சுசூகி, கவாசாகி வண்டிகளில் இன்ஜின் கவர் முதல் இண்டிகேட்டர் கண்ணாடி வரை எங்கே பார்த்தாலும் இந்த ஸ்குரூ. 80களில் அந்தக் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவில் செய்த வண்டிகளிலும் அதே வழக்கம் தொடர்ந்தது. 1985-இல் வந்த ஆர்.எக்ஸ். 100, ஓசூரில் செய்த இண்ட்-சுசூகி எல்லாம் அந்த வரிசைதான்.

தலையில் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளி இருந்தால் அது ஜே.ஐ.எஸ். ஸ்குரூ என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஜப்பானிய வண்டியில் அந்த அடையாளம் உதவும். ஆனால் புள்ளி உண்மையில் குறிப்பது மரையை, அதாவது தண்டைச் சுற்றி வெட்டியிருக்கும் புரியை. 1960களின் பிற்பகுதியில் ஜப்பான் தன் பழைய மரை அளவை விட்டு உலகப் பொது அளவுக்கு மாறியபோது, புது மரை ஸ்குரூவைப் பிரித்துக் காட்டுவதற்கு இட்ட குறி அது. பழைய எம்3, எம்4, எம்5 ஸ்குரூக்களில் (எம்-க்குப் பின்னால் வருவது தண்டின் தடிமன், மில்லிமீட்டரில்) மரை இடைவெளி 0.6, 0.75, 0.9 மில்லிமீட்டர். புதியதில் 0.5, 0.7, 0.8. ஆகவே 60களின் வண்டி ஏதாவது கைக்கு வந்தால், புள்ளியில்லாத ஸ்குரூ இருந்த துளையில் புள்ளி வைத்த ஸ்குரூவைத் திணிக்காதீர்கள். இரண்டு சுற்று போகும், அப்புறம் அலுமினிய மரையைத் தின்றுவிடும். புள்ளி இல்லை என்பதற்காகக் குழி ஜப்பானியது இல்லை என்றும் முடிவுகட்ட வேண்டாம்.

முதலில் அளவு

வடிவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அளவை மறந்துவிடுகிறார்கள். முனைக்கும் குழிக்கும் 1, 2, 3 என்று நம்பர் உண்டு, நம்பர் கூடினால் பெரியது. என் அனுபவத்தில் இன்ஜின் கவர் ஸ்குரூக்களை அதிகம் கெடுப்பது இதுதான்: 3-ஆம் நம்பர் குழியில் 2-ஆம் நம்பர் டிரைவரைப் போடுவது. வீட்டில் இருப்பது 2-ஆம் நம்பர். அது உள்ளே போகிறது, ஏதோ பிடிப்பது போலவும் தெரிகிறது. ஆனால் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டம் இருந்தால் அசல் ஜப்பானிய டிரைவராக இருந்தாலும் குழி போய்விடும்.

மரை அளவை வைத்து நம்பரை ஊகிக்கலாம். எம்3 முதல் எம்5 வரை 2-ஆம் நம்பர். எம்6 என்றால் 3-ஆம் நம்பர். அதற்கும் சின்ன ஸ்குரூக்களுக்கு, அதாவது மீட்டருக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் இருப்பவற்றுக்கு, 1-ஆம் நம்பர். வண்டியில் இடம் வைத்துச் சொன்னால், கிளட்ச் கவர், மேக்னெட் கவர், செயின் ஸ்ப்ராக்கெட் கவர் போன்ற இன்ஜின் பக்கத்து ஸ்குரூக்கள் பெரும்பாலும் எம்6, எனவே 3. கார்புரேட்டர் அடிக்கிண்ணம், ஹேண்டில்பார் சுவிட்ச் கூடு, பிரேக் ஆயில் டப்பாவின் மூடி, லைட் கண்ணாடி இவையெல்லாம் 2.

ஆனாலும் ஊகத்தை நம்பித் திருப்ப வேண்டாம். ஸ்குரூ ஒன்றைக் கழற்றி வைத்திருந்தால் அதன் தலை மேலே பார்க்கும்படி பிடித்து, டிரைவரைக் குழியில் நட்டுவிட்டுக் கையை எடுங்கள். சரியான முனை என்றால் டிரைவர் சாயாமல் நிற்கும், அல்லது மெதுவாகத்தான் சாயும். வண்டியில் மாட்டியிருக்கும் ஸ்குரூ என்றால் டிரைவரை உள்ளே விட்டு இடமும் வலமும் லேசாக அசைத்துப் பாருங்கள். ‘லொட லொட’ என்று இருந்தால் எடுத்துவிட்டு ஒரு நம்பர் மேலே போய்ப் பாருங்கள். பெரியது உள்ளே இறங்காமல் விளிம்பிலேயே நின்றால் சின்னதுதான் சரி. உள்ளே போகிற முனைகளில் மிகப் பெரியதே அந்த ஸ்குரூவுக்கு உரியது.

வாங்குவது

ஜப்பானில் இதைப் ‘பிளஸ் டிரைவர்’ என்றும், தட்டை முனையை ‘மைனஸ் டிரைவர்’ என்றும்தான் சொல்கிறார்கள். கைப்பிடியிலும் அப்படியே +2×100 என்று போட்டிருக்கும். இரண்டாம் நம்பர் முனை, தண்டு 100 மில்லிமீட்டர் நீளம் என்று அர்த்தம். ஜே.ஐ.எஸ். என்ற எழுத்து பெரும்பாலும் இருக்காது, அதைத் தேடிக் குழம்ப வேண்டாம். பி.எச்.2 என்று போட்டிருந்தால் பிலிப்ஸ், பி.இசட்.2 என்றால் பாசிடிரைவ்.

ஒசாகாவின் வெசல் 1916-இலிருந்து இருக்கும் கம்பெனி, டிரைவர்தான் அவர்கள் தொழிலே. நீகாட்டா மாகாணத்தின் சான்ஜோ கருவிப் பட்டறைகளுக்குப் பேர் போன ஊர். அங்கிருந்து அனெக்ஸ் வருகிறது. கே.டி.சி. கியோட்டோவைச் சேர்ந்தது. இவற்றில் எதை வாங்கினாலும் சரி. நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் அநேகமாகப் பிலிப்ஸ்தான் கிடைக்கும், ஆன்லைனில் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கும். அப்படித் தேடும்போது ‘ஸ்டார்’ என்று தட்டினால் ஆறு முனை உள்ள டார்க்ஸ் வந்து நிற்கும். கம்பெனிப் பெயரையும் நம்பரையும் போட்டுத் தேடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு அடங்கிய செட் தேவையில்லை. +2×100 ஒன்று, +3×150 ஒன்று. இந்த இரண்டும் தரமாக இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மூன்றாவதாக, உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டை 2-ஆம் நம்பர். கார்புரேட்டரை வண்டியிலிருந்து இறக்காமல் கிண்ணத்தைக் கழற்ற அது இல்லாமல் முடியாது. 1-ஆம் நம்பரைத் தேவை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

3-ஆம் நம்பரை மட்டும், தண்டு கைப்பிடியின் உச்சி வரை ஊடுருவிப் போகும் வகையாக வாங்குங்கள். கைப்பிடியின் தலையில் இரும்பு தெரியும். அதன் மேல் சுத்தியலால் தட்டலாம். வெறும் பிளாஸ்டிக் கைப்பிடியில் தட்டினால் அடி முனைக்குப் போய்ச் சேராது, பிடிதான் உடையும். பல மாடல்களில் கைப்பிடிக்குக் கீழே ஸ்பேனர் மாட்டும்படி ஆறு பட்டையும் இருக்கும். அது பெரிய வசதி.

கையில் இருக்கும் பிலிப்ஸின் நுனியைக் கல்லில் தேய்த்து மொட்டையாக்கிப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. நுனி முட்டுவது நிற்கும் என்பதால் முன்னைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் உள்மூலையின் சதைப்பிடிப்பு அப்படியேதான் இருக்கும். அவசரத்துக்குச் சரி, இன்ஜின் கவருக்கு வேண்டாம்.

அடுத்து இம்பாக்ட் டிரைவர். சுத்தியலால் அடித்தால் அடியின் வேகத்தில் முனை கொஞ்சம் திரும்பும் கனமான இரும்புக் கருவி இது. மின்சாரம் தேவையில்லை. பழைய வண்டியின் இன்ஜினைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் இது கட்டாயம். ஆனால் அதோடு வரும் முனைகள் பெரும்பாலும் பிலிப்ஸாக இருக்கும். ஜப்பானிய 3-ஆம் நம்பர், 2-ஆம் நம்பர் முனைகளைத் தனியாக வாங்கி மாட்டுங்கள். வெசல் கம்பெனியின் இம்பாக்டா என்கிற டிரைவரில் இந்த அமைப்பு கைப்பிடிக்குள்ளேயே இருக்கிறது. தலையில் ஒரு அடி அடித்தால் முனை கழற்றும் திசையில் சுமார் 12 டிகிரி திரும்பும். நடுத்தர இறுக்கத்துக்கு அது அருமையான பொருள்.

கழற்றும் முறை

குழியைச் சுத்தம் செய்வதிலிருந்து தொடங்க வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். முப்பது வருட ஆயிலும் மண்ணும் பெயின்டும் குழியின் அடியில் கெட்டியாக உட்கார்ந்திருந்தால், எவ்வளவு நல்ல முனையும் பாதி ஆழத்தில் நின்றுவிடும். கோணி ஊசியோ கூரான கம்பியோ எடுத்து நான்கு கைகளின் அடிவரை சுரண்டி, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷில் பெட்ரோல் தொட்டுத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள்.

பிறகு மரையில் இறங்கும்படி டபிள்யூ.டி-40 மாதிரி ஊடுருவும் எண்ணெய் அடித்து, ஒரு ராத்திரி விட்டுவிடலாம். இரும்பு ஸ்குரூ அலுமினியத்துக்குள் இருக்கிறது. ஈரம் பட்டால் இரண்டு உலோகத்துக்கும் நடுவில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூத்து இறுகிக்கொள்ளும். எண்ணெய் மட்டும் அதை விடுவிக்காது, அதிர்ச்சியும் வேண்டும். டிரைவரைக் குழியில் நிறுத்தி, தலையில் சுத்தியலால் இரண்டு மூன்று தட்டுத் தட்டுங்கள். முனை இன்னும் ஆழமாக உட்காரும், மரையில் பிடித்திருக்கும் பூப்பும் விரிசல் விடும்.

இப்போது திருப்பலாம். ஜப்பானிய மெக்கானிக்குகள் இதற்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்: அழுத்துவது ஏழு பங்கு, திருப்புவது மூன்று பங்கு. கழற்றும்போது நாம் செய்வது நேர் தலைகீழ். உடம்பின் பாரத்தை டிரைவரின் பின்னால் கொண்டுவந்து, தண்டு ஸ்குரூவுக்கு நேர்கோட்டில் இருக்கும்படி வைத்து, ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் திருப்புங்கள். ஆறு பட்டை உள்ள டிரைவர் என்றால் நீங்கள் இரண்டு கையாலும் அழுத்திக்கொள்ள, இன்னொருவர் ஸ்பேனரால் திருப்பலாம். அசையவில்லையா, முடுக்கும் திசையில் ஒரு நூல் அளவு திருப்பப் பாருங்கள். அந்த அசைவில் பிடி விட்டு, பிறகு கழற்றும் திசையில் வந்துவிடும்.

முனை ஒரே ஒரு தடவை வழுக்கினாலும் நிறுத்திவிட வேண்டும். இதைத்தான் நான் அந்த முதல் நாளில் செய்யவில்லை. முதல் வழுக்கலில் விளிம்பு கொஞ்சம்தான் நசுங்கியிருக்கும். அப்போது இம்பாக்ட் டிரைவரை எடுத்தால் ஸ்குரூ வந்துவிடும். நான்காவது வழுக்கலுக்குப் பிறகு எடுத்தால் அதற்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது.

இம்பாக்ட் டிரைவரைப் பிடிக்கும்போது முதலில் திசையைப் பாருங்கள். தவறான திசையில் அடித்தால் ஸ்குரூ இன்னும் இறுகும். முனையைக் குழியில் வைத்து, கருவியின் உடலைக் கழற்றும் பக்கமாகக் கையால் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, கனமான சுத்தியலால் ஒரே அடியாக நன்றாக அடியுங்கள். சின்னச் சுத்தியலால் டொக் டொக்கென்று இருபது அடி அடிப்பது குழியைத்தான் கெடுக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். வண்டி நடு ஸ்டாண்டில் ஆடாமல் நிற்க வேண்டும்.

கார்புரேட்டரில் மட்டும் இந்தக் கருவியைக் கொண்டு போகவே கூடாது. அதன் உடல் மெல்லிய வார்ப்பு, ஒரே அடியில் ஸ்குரூ மாட்டும் காது உடையும். அங்கே சுடுதண்ணீரோ ஹாட் ஏர் கன்னோ போதும். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரிவதால் பிடி தளரும். பெட்ரோல் முழுவதும் வடிந்து காய்ந்த பிறகுதான் சூடு காட்ட வேண்டும், நெருப்பு வேண்டவே வேண்டாம். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் இருக்கும் இரண்டு ஸ்குரூக்களும் அதே மாதிரி தொல்லை தரும். தலை உள்ளே பதிந்திருப்பதால் குழியில் தண்ணீர் தேங்கி அரித்திருக்கும். முனையை நிறுத்தி லேசாகத் தட்டிவிட்டு, குட்டை டிரைவரால் அழுத்தித் திருப்பினால் பெரும்பாலும் வரும். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும், டாங்க் மேல் துணி போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தலை போய்விட்டால்

கொஞ்சமாகத் தேய்ந்த குழி என்றால், வால்வு உரசப் பயன்படுத்தும் கிரைண்டிங் பேஸ்ட்டை முனையில் துளி தடவித் திருப்புங்கள். அதிலிருக்கும் மணல் பிடி கொடுக்கும். அல்லது தட்டைச் சுத்தியலால் ஸ்குரூ தலையின் மேலேயே அடித்து, விரிந்த உலோகத்தை உள்ளே நசுக்கி, பிறகு முனையை வைத்து அடித்துப் புதுக் குழியைப் பதித்துக்கொள்ளலாம். கவருக்கு மேலே புடைத்து நிற்கும் வட்டத் தலையாக இருந்தால் நல்ல லாக்கிங் பிளையரால் சுற்றிலும் கவ்வித் திருப்பினாலே போதும்.

நம் பட்டறைகளின் உளி வைத்தியமும் வேலை செய்யும். தலையின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு வெட்டுப் போட்டு, பிறகு உளியைச் சாய்த்துக் கழற்றும் திசையில் தள்ளுவது. பழகிய கைக்கு அது ஒரு நிமிஷ வேலை. பழகாத கை என் கவரில் விட்ட தழும்பைத்தான் விடும்.

அதைவிடப் பத்திரமான வழி துளை போடுவது. எம்6 ஸ்குரூ என்றால் 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டைக் கெட்டுப்போன குழியில் வைத்தால் தானாகவே நடுவில் உட்காரும். மெதுவாக, தலையின் உயரம் அளவுக்கு மட்டும் துளையிட்டால் தலை தனியே கழன்று வந்துவிடும். எல்லா ஸ்குரூக்களையும் எடுத்துக் கவரைக் கழற்றினால், தலையில்லாத தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இழுத்துப் பிடித்திருந்த இறுக்கம் போய்விட்டதால் அதைப் பிளையராலேயே சுற்றி எடுத்துவிடலாம். பலசமயம் விரலாலேயே வரும். துளை போட முடிவெடுத்தவர் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது, தண்டு உள்ளேயே முறிந்து மாட்டிக்கொள்வதற்குத்தான். அது லேத் பட்டறை வேலை.

திருப்பி மாட்டும்போது

கழற்றிய ஸ்குரூக்களை டப்பாவில் போடாதீர்கள். ஒரே கவரில் இரண்டு மூன்று நீளங்கள் இருக்கும். ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் குத்தி வைத்துவிடுங்கள். நீளமானதைக் குட்டை இடத்தில் முடுக்கினால் அடியில் முட்டிக் கவரை இறுக்காமலே நிற்கும், பேக்கிங் வழியாக ஆயில் கசியும்.

குழி தேய்ந்த ஸ்குரூவை மறுபடி போடவே வேண்டாம். அடுத்த முறை கழற்றப் போவதும் நீங்கள்தான். அசல் மாதிரியே கூட்டல் குறி ஸ்குரூ வாங்கலாமா, தலையில் ஆறு மூலைக் குழி உள்ள அலன் ஸ்குரூவுக்கு மாறலாமா என்று கேட்பார்கள். அலன் போடுவதில் தப்பில்லை, ஓட்டுகிற வண்டிக்கு வசதிதான். ஆனால் அலன் கீயின் நீளக் கையில் விசை அதிகம் வருவதால், பழகாதவர்கள் அலுமினிய மரையைப் பிடுங்கிவிடுகிறார்கள். எம்6 ஸ்குரூவுக்கு 9 நியூட்டன் மீட்டர் அளவுதான் இறுக்கம், எம்5 என்றால் 4 மட்டும். இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் கூட்டல் குறியிலேயே இருங்கள். டிரைவர் பிடியில் கை கொடுக்கும் விசை அந்த எல்லைக்குள்ளேயே நிற்கும்.

மரையைத் துடைத்து, காப்பர் கிரீஸ் ஒரு பொட்டுத் தொட்டு வைத்தால் அடுத்த முறை வெள்ளைப் பூப்பு இருக்காது. கிரீஸ் தடவிய ஸ்குரூவை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே முடுக்க வேண்டும். எல்லாவற்றையும் முதலில் விரலால் ஓட்டிவிட்டு, எதிரெதிராக இரண்டு சுற்றில் இறுக்குங்கள். இறுக்கும்போதும் அதே அழுத்தம் வேண்டும், குழி கெடுவது கழற்றும்போது மட்டும் இல்லை.

புது வண்டிகளில் இன்ஜின் கவருக்கு ஆறு பட்டை போல்ட்டும் அலனும் வந்துவிட்டன. இருந்தாலும் சுவிட்ச் கூடு, பிரேக் ஆயில் மூடி, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி போன்ற இடங்களில் கூட்டல் குறி இன்னும் இருக்கிறது. த்ராட்டில் பாடியில் வெள்ளைப் பெயின்ட் பூசிய ஸ்குரூ ஏதாவது கண்ணில் பட்டால், கையில் எவ்வளவு நல்ல டிரைவர் இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். அது கம்பெனியில் அளந்து வைத்த இடம். திருப்பிவிட்டால் பழைய இடத்துக்குக் கொண்டுவர வீட்டில் வழி இல்லை.